அடி இலை

பகலில் எனக்குப் பூஜ்ஜியங்களை எண்ணும் வேலை,
வங்கியில் மூன்றாவது ஜன்னல்.
செங்கல் செங்கலாய்ப் பணம் உள்ளே வரும்,
ஒரு ரொட்டிக்கு ஆகாமல் வெளியே போகும்.
ஆகஸ்டில் பத்துப் பூஜ்ஜியங்களை
ஒரே காலையில் வெட்டிவிட்டார்கள்.
"வெட்டினது துளிர்க்கும், பாருங்க" என்றார்
வரிசையில் நின்ற ஒருவர்.
யாரும் சிரிக்கவில்லை.
துளிர்த்தது.

மாலையில் கம்புசுமாவுக்கு நடை.
பஸ்ஸுக்கென்று எடுத்துவைத்த காசு
பஸ் வருவதற்குள் காசாக இருப்பதில்லை.

வீட்டில் எண்ணிக்கை சின்னது:
இருபத்தேழு கோவோக் கீரைச் செடிகள்,
ஒரு பூசணிக் கொடி,
என் மகள் ருனாகோ,
அரைப் பை மக்காச்சோள மாவு.
எண்ணெய் ஜூனில் தீர்ந்தது.
பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து வைத்தேன்.
ஜூலையையும் அதிலேயே ஓட்டினோம்.

புதன் இரவு இரண்டு மணிக்குக் குழாய் இருமும்.
எழுந்து ஓடுவோம். குடம், சட்டி,
பூ ஜாடி, போன மழைக்கு வாங்கிய ரப்பர் பூட்ஸ்
எல்லாவற்றிலும் தண்ணீர்.
குளித்த நீரில் துணி,
துணி அலசிய நீரில் தரை.
இத்தனை வேலையும் பார்த்துவிட்டு
அந்த நீர் ஓய்வு பெறுவது செடியடியில்.
எங்கள் வங்கியில்
இப்படி ஒரு ஓய்வூதியம் கிடையாது.

கோவோவை அடியிலிருந்துதான் பறிக்க வேண்டும்.
மேலே குருத்தைத் தொடக் கூடாது.
இலைக்காம்பைக் கீழ்நோக்கி ஒரு திருகு,
சொடக்குப் போடுகிற மாதிரி சத்தம் வரும்.
தினமும் ஏழு இலை. எட்டாவது நாளைக்கு.

ஒரு வியாழன் காலை
வேலியோரச் செடிகள் ஒன்பதில்
அடி இலைகள் இல்லை.
வாயில் வசவு வந்துவிட்டது.
குனிந்து பார்த்தேன்.
காம்பு கிழியவில்லை. குருத்து பத்திரம்.
கால் பட்டு விலகிய மண்ணைக்கூட
திருடன் வேரோடு சேர்த்து
அணைத்துவிட்டுப் போயிருந்தான்.

திருகின கை எதுவென்று தெரிந்துவிட்டது.

பிப்ரவரியில் ரயில் பாதை ஓரம்
பால் பிடித்த கதிர்களோடு நின்ற சோளத்தை
நகராட்சி ஆட்கள் வெட்டித் தள்ளினார்கள்,
சட்டவிரோதப் பயிராம்.
அடுத்த வீட்டு மட்ஸிக்வா
அன்றைக்குச் சத்தம் போடவில்லை.
விழுந்த தட்டைகளைப் பொறுக்கி
ஒரே நீளமாக அடுக்கிக் கட்டினார்.
பிறகு ஒருநாளும் என் முகத்தை
நேராகப் பார்த்ததில்லை.
அவர் வீட்டைச் சுற்றி எல்லாம் சிமெண்டு,
நல்ல காலத்தில் கார் நிறுத்தப் போட்டது.
வேலிக்கும் சிமெண்டுக்கும் நடுவே
ஒரு முழ மண்தான் மிச்சம்.

நான் நல்லவள் இல்லை.
மூன்று இரவு விளக்கில்லாமல்
ஜன்னலருகே உட்கார்ந்திருந்தேன்,
கையில் துடைப்பத்தோடு.
நாலாம் நாள் அலுத்துவிட்டது.
திருடனுக்குக் காவல் இருக்கிறவளுக்கும்
பசிக்கத்தான் செய்கிறது.

பக்கக் கிளைகள் ஐந்தை ஒடித்தேன்.
கம்பி வேலிக்குள் தோள்வரை கைவிட்டு
அந்த ஒரு முழத்தில் ஊன்றினேன்.
முழங்கையில் கம்பி கிழித்தது.
ருனாகோ கேட்டாள், "அது அவங்க மண்ணாச்சே?"
"ஆமா. பூட்ஸை எடுத்துட்டு வா."
அதிலிருந்த தண்ணீரைக்
கம்பி வழியே சாய்த்துவிட்டோம்.

மட்ஸிக்வா பேசவில்லை. நானும்.
ஐந்தில் நாலு பிழைத்தது.
என் செடிகளில் கணக்கு மறுபடி சரியானது.

அக்டோபரில், மாமர இலையெல்லாம் தூசி பிடித்த ஒரு காலை,
வேலிக் கம்பியில் ஒரு பொட்டலம்.
உள்ளே உப்பு, மூன்று ஸ்பூன் இருக்கும்.
சுற்றியிருந்தது செல்லாமல் போன
ஐயாயிரம் கோடி டாலர் தாள்.

உப்பை அன்றைக்கே கீரையில் போட்டேன்.
தாளை நீவி, நாலாக மடித்து,
வெண்டை விதை வைத்திருக்கிறேன்.
நல்ல தாள்தான்.
ஈரம் ஏறுவதில்லை.