பரிசில் பெறாதவன் சொல்லும் வழி

பரிசில் பெற்றுத் திரும்பியவன்தான்
எதிரே வருபவனை மறித்து வழி சொல்ல வேண்டும்.
அதுதான் முறை, வேணுஜன்.
இந்த ஆற்றைக் கட, அந்த மலையைச் சுற்று,
கேட்குமுன் தருவான், யானையோடு திரும்புவாய் என்று.
நான் மூன்று முறை போய்
மூன்று முறையும் வெறுங்கையோடு வந்தவன்.
ஆனாலும் நோபல் பார்க் ஸ்டேஷனில்
பேஸ் கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு
நீ கேட்டுவிட்டாய்.
டண்டினோங் ரயிலுக்கு இன்னும் பதினொரு நிமிடம்.
சொல்கிறேன்.

முதலில் கணக்கொன்று திறக்கச் சொல்லும்.
கடவுச்சொல்லில் பெரிய எழுத்தொன்று வேண்டும் என்னும்.
நம் பாஷையில் ஏது பெரிய எழுத்து?
அதைத் தாண்டினால் வாத்தியங்களின் பட்டியல்.
உன்னுடையது மேலேயே இருக்கும்.
மோர்சிங் இருக்காது.
நான் 'மற்றவை'.
மூன்று முறையும் மற்றவை.

உன் கலையை இருநூற்றைம்பது சொல்லில் விளக்கு என்பார்கள்.
'வாசித்துக்கொண்டிருக்கும்போதே' நமக்கு ஒரு சொல்.
அங்கே அதற்கு ஐந்து செலவாகும்.
சிக்கனமாய் இரு. 'ஆத்மா' எழுதாதே.
ஜோஸ்லின் போனில் சொன்னாள், அன்பாகத்தான் சொன்னாள்:
"உங்கள் ஆர்வம் தெரிகிறது, தாக்கம் தெரியவில்லை."
தாக்கம் என்றால்
எத்தனை பேர், எந்த வயது, எந்த அஞ்சல் எண்.
இரும்பைக் கடித்துக் கடித்து
என் முன்பல்லில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது.
அந்தத் தாக்கத்துக்குக் கட்டம் இல்லை.

பிறகு வரவு செலவு. இங்கேதான் ஆட்கள் விழுவார்கள்.
இரண்டு பக்கமும் ஒரே தொகையில் நிற்க வேண்டும்,
ஒரு டொலர் பிசகினாலும் சிவப்பு.
துவான் தன் கராஜைச் சும்மா தருகிறார் அல்லவா,
சும்மா என்று போடாதே.
மணித்தியாலத்துக்கு நாற்பது என்று வரவில் எழுது,
அதே நாற்பதைச் செலவிலும் எழுது.
இதை அவரிடம் சொன்னபோது
"அப்படியென்றால் இதுவரை எனக்கு எவ்வளவு கடன்?" என்று
விரலை மடக்கி எண்ணத் தொடங்கிவிட்டார்.

அடுத்த வரி, உன் சம்பளம்.

முதல் வருடம் நான் அதில் பூச்சியம் போட்டேன்.
சவுண்ட் எஞ்சினியருக்கு அறுநூறு,
வீடியோ எடுப்பவனுக்கு நானூறு,
மண்டபக் காப்புறுதி, பார்க்கிங்,
எனக்குப் பூச்சியம்.
பணிவென்று நினைத்தேன்.
திட்டமிடத் தெரியாதவன் என்று அவர்கள் வாசித்தார்கள்.
இரண்டாம் வருடம் ஒரு எண் எழுதினேன்,
அழித்தேன்,
பாதியாக்கி எழுதினேன்.
பண்டகசாலையில் பெட்டி அடுக்க மணிக்கு எவ்வளவு,
ஞாயிறென்றால் எவ்வளவு, சதம் வரைக்கும் தெரியும்.
வாசிக்க எவ்வளவென்று
ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.
நானும்.

ஆதரவுக் கடிதத்தை நூலகத்தில் இன்றைக்கே கேள்.
கடைசி நாள் செவ்வாய், பின்னேரம் மூன்று மணி.
மூன்று ஒன்றுக்குப் பொத்தான் சாம்பலாகிவிடும்.
போன முறை கடிதம் இரண்டு ஐம்பத்தெட்டுக்கு வந்தது,
என் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு.
அப்படியே ஏற்றினேன்.

பதில் வர நான்கு மாதமாகும்.
முதல் வரியில் 'மிகுந்த போட்டி' என்று இருந்தால்
மீதியை வேலைத்தலத்தில் வாசிக்காதே.
நான் வாசித்தேன், ஃபோர்க்லிஃப்டை ஓடவிட்டபடி.
பின்னால் நின்றவன் இரண்டு முறை ஹோர்ன் அடித்தான்.

ரயில் வருகிறது. ஒன்று சொல்லவில்லை:
இந்தச் சுற்றில் நானும் போடுகிறேன்.
அதனால் உன் திட்டம் என்னவென்று சொல்லாதே,
நான் கேட்டாலும் சொல்லாதே.
யானையெல்லாம் வேண்டாம்,
செலவுப் பக்கத்தில் இப்போதே ஒரு வரி போட்டு வை:
மோர்சிங், மூன்று மணித்தியாலம்.
தொகையை நீயே எழுது.
பாதியாக்காதே.