சேத மதிப்பீடு

பெட்டியின் மேல் நாலு மொழியில் எழுதியிருந்தது
உடையும் என்று.
உடைந்துதான் வந்திருந்தது.

மேடவாக்கம், ஏழாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை.
கார் கம்பெனி வேலையாக மெக்சிகோ போனவர்கள்
மூன்று வருடம் கழித்துக் கொண்டுவந்த மண் மரம்.
அங்கே சில ஊர்களில் கல்யாணத்துக்குக் கொடுப்பார்களாம்,
காய்த்துக் குலுங்கட்டும் என்று.

வைக்கோலுக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தேன்.
ஆதாம்: சேதமில்லை.
சூரியன்: கன்னத்தில் கீறல்.
பூத்தொப்பி வைத்த எலும்புக்கூட்டுக்குக்
கீழ்த்தாடை காணோம்,
ஆனாலும் சிரிப்பு போகவில்லை.
பாம்பு, கேட்கவே வேண்டாம், முழுசாக இருந்தது.

ஏவாள்தான் இரண்டு துண்டு.
கழுத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு கோடு,
தாலிக்கயிறு என்றே முதலில் நினைத்தேன்.
ஜன்னல் பக்கம் திருப்பினால்
பழைய பசை.
அதில் யாருடையதோ கட்டைவிரல் ரேகை.

"இது முன்னாடியே உடைஞ்சிருக்கே சார்?"

பிரபாசங்கர் சுவரைப் பார்த்தார்.
கனிமலர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.
"நான்தான் எறிஞ்சேன்.
ஒட்டினது இவரு. ராத்திரி முழுக்க
பிடிச்சிக்கிட்டே உக்காந்திருந்தாரு."

அப்புறம் யாரும் பேசவில்லை.
கீழே தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.

படிவத்தில் ஒரு கட்டம்: பொருளின் பயன்பாடு.
அலங்காரம் என்று எழுதினேன்.
அடித்தேன்.

பசை விடவேயில்லை.
அதற்கு ஒரு நூல் கீழே, தோளில்தான்
விமானத்தில் முறிந்திருக்கிறது.
புதிய சேதம் என்று கையெழுத்துப் போட்டேன்.

தாடை வைக்கோலில்தான் எங்கேயாவது கிடக்கும்,
கொட்டிவிடாதீர்கள்
என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.