சில்லறை

வங்கி மூடப்போகிறது என்று
கதவில் ஒட்டியிருந்த தாளில்
'மூடல்' என்ற சொல்லே இல்லை.
'உங்கள் வசதிக்காக' என்று இருந்தது.
அடுத்த கிளை தொண்ணூற்று நான்கு கிலோமீட்டர்.
வழியில் இரண்டு ஏரி,
ஜனவரியில் சாலை எது, ஏரி எது என்று காட்ட
நட்டுவைத்த கம்பங்கள்.

செவ்வாய்க்கிழமை வர்த்தக சபை கூடியது.
சபை என்றதும் மண்டபத்தை நினைக்க வேண்டாம்.
ஓரெஸ்ட் ஹ்னாட்யுக்கின் இரும்புக்கடையில்
பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால்
ஒன்பது மடக்கு நாற்காலி,
பதினோரு உறுப்பினர்.
நான் மருந்துக்கடை. பொருளாளர்.
குறிப்பேடும் என்னிடம்தான்.
பதினெட்டு வருஷம் டாக்டர்களின் கிறுக்கலை வாசித்தவள்
மற்றவர் வாசிக்கும்படி எழுதுவாள் என்று நம்பிக் கொடுத்தார்கள்.

குறிப்பேட்டில் இருப்பது:
தீர்மானம் மூன்று. வியாழன்தோறும்
ஹ்னாட்யுக்கின் லாரி நகரத்துக்குப் போய்
எல்லாக் கடைக்கும் சில்லறை வாங்கி வரும்.
ஆதரவு பத்து, எதிர்ப்பு ஒன்று.

குறிப்பேட்டில் இல்லாதது:
அந்தப் பத்தில் ஒரு கை
ரொட்டிக்கடை டெல்ஃபின் பூவெட்டுடையது.
இரண்டு வருஷச் சந்தா பாக்கி.
பாக்கிக்காரருக்கு வாக்கில்லை என்று
பூக்கடை லார்னா தோர்டர்சன்
விதிப்புத்தகத்தை விரித்தாள்.
டெல்ஃபின் தூக்கிய கையை இறக்கவில்லை.
"காப்பி குடித்தவருக்கு மீதி ஐம்பது சதம் தர வேண்டும்.
நானே கொடுக்க வேண்டிய இடத்தில்
நானே கடன் சொல்லவா?"
கொஞ்ச நேரம் ஹீட்டர் மட்டும் பேசியது.
பிறகு பெட்ரோல் பங்க் ரொடெலியோ மகராயெக்
பாக்கி விஷயத்தை
அடுத்த கூட்டத்துக்குத் தள்ளலாம் என்றார்.
தள்ளினோம், வாசல் பனியைத் தள்ளுவதுபோல.
பனி எங்கேயும் போய்விடாது,
நடக்க வழி கிடைக்கும்.

வியாழன் மாலை லாரி வந்தது.
துருவக்கரடி, லூன் பறவை, கலைமான், பீவர்:
இந்த நாட்டுக் காசைத் திருப்பினால்
காடு.
தொண்ணூற்று நான்கு கிலோமீட்டர் குளிரில் வந்த உலோகம்
விரலை விடாமல் பிடித்தது.
ஹீட்டர் பக்கம் கொட்டி, ஆறவிட்டு, இல்லை,
சூடேறவிட்டு,
மாத்திரை எண்ணும் தட்டில்
ஐந்தைந்தாக ஒதுக்கினேன்.
ஹாக்கி மைதான கேன்டீனுக்கு நாற்பது டாலர்.
சலவை இயந்திரங்களுக்குக் கலைமான் மட்டும், மூன்று உருளை.
பிங்கோ நடத்தும் தேவாலயத்துக்கு
எதுவானாலும் சரியாம்.
பெரிய அங்காடிக்காரர்கள் எங்களைச்
சில்லறை வியாபாரிகள் என்கிறார்கள்.
அன்றுதான் அது எனக்கு
வேலையின் பெயராகத் தெரிந்தது.

பிப்ரவரி ஒன்பது. இரவு பத்தேகால்.
மைனஸ் முப்பத்தொன்று.
கதவைத் தட்டியவர் மர ஆலை ஏமரி ஸ்பென்ஸ்,
புருவத்தில் உறைபனியோடு.
யாருக்குக் காய்ச்சல் என்றேன்,
மருந்து அலமாரிச் சாவியைத் தேடிக்கொண்டே.
காய்ச்சல் இல்லை.
மகளுக்குப் பல் விழுந்துவிட்டது.
இன்றிரவு தேவதை வந்து
பல்லை எடுத்துக்கொண்டு காசு வைக்க வேண்டும்.
"அட்டை இருக்கிறது, போனில் பணம் இருக்கிறது.
தலையணைக்கடியில் வைக்க
வீட்டில் ஒன்றுமே இல்லை."

ஏமரிக்குக் கடை இல்லை. சபையில் உறுப்பினர் இல்லை.
விதிப்புத்தகத்தில் தேவதைகள் பற்றி
ஒரு பிரிவும் இல்லை.
ஹீட்டர் பக்கம் கிடந்ததில் வெதுவெதுப்பான ஒன்றை,
லூன் பறவை நீந்தும் ஒரு டாலரை,
எடுத்துக் கொடுத்தேன்.
ஏமரி அதைக் கையுறைக்குள் போட்டுக்கொண்டு
கைமடித்தபடியே வண்டிக்கு நடந்தார்.

செலவு: ஒரு டாலர்.
விவரம்: பல்.

மார்ச்சில் கணக்குச் சரிபார்க்க வந்தவர்
அந்த வரியில் பென்சிலை ஊன்றி நிமிர்ந்தார்.
நான் வாய் திறக்குமுன்
"சமூக நலன்" என்றாள் லார்னா.
"எந்தத் தீர்மானத்தின்படி?"
"மேல் வரிசை, இடது பக்கம்."
ஓரெஸ்ட் இருமினார், அல்லது சிரித்தார்.
பெயிண்ட் டப்பா ஒன்று அதிர்ந்தது.

டெல்ஃபினின் சந்தா
இந்த மாதமும்
அடுத்த கூட்டத்துக்கு.