தொடர்ச்சி

ருஸ்தாவியில் பதினோரு நாளாக மழை.
கதைப்படி அது பாலைவனம்.

என் பெயர் ஏதேரி. என் வேலை
எதுவும் மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது.
கடிகாரம் நாலு பத்து என்றால் நாலு பத்து.
இடது கன்னத்துக் கீறல் இடதிலேயே.
சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இருக்கக் கூடாது;
முதல் பாகத்தில் தெறித்துப்போனது,
உலகம் முழுக்க அதற்கு விசிலடித்தார்கள்.

திரைக்கதை வெள்ளைத் தாளில் வந்தது.
திருத்தம் நீலத்தில்,
திருத்தத்தின் திருத்தம் ரோஜா நிறத்தில்,
பிறகு மஞ்சள், பச்சை.
நிறங்கள் தீர்ந்து மறுபடி வெள்ளை.
எந்த வெள்ளை என்று கேட்காமல்
யாரும் வாய் திறப்பதில்லை.
வில்லன் மூன்று நிறங்களில் செத்தான்,
இரண்டில் நாயகனுக்கு அண்ணன்.

முதல் இயக்குநர் ஜூனில் போனார்,
கருத்து வேறுபாடு என்று ஒரு பூங்கொத்தோடு.
அடுத்தவர் ஹால்டேன், நல்ல மனிதர்.
லாஸ் ஏஞ்சலஸோடு பேசி முடித்த கையோடு
கழிப்பறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் இருப்பார்.
வெளியே நானூறு பேர்,
ஆறும் சூப்,
பாக்குவிலிருந்து வாடகைக்கு வந்த ஆறு ஒட்டகங்கள்
மழையை முறைத்தபடி.

ம்ட்குவாரி ஆற்றின் மேல் ஒரு பாலம் கட்டினோம்,
வெடிவைத்துத் தகர்க்க.
தொண்ணூறு தச்சர்கள், நாலு மாதம்.
ஒன்பது காமிரா, ஒரே வாய்ப்பு, வியாழக்கிழமை.
செவ்வாய் இரவு ஆறு வந்து
எடுத்துக்கொண்டு போய்விட்டது.
ஒரே டேக்.
காவலாளி வாஷா மட்டும் பார்த்தான்.
எப்படி இருந்தது என்று கேட்டார் ஹால்டேன்.
வாஷா சிகரெட்டை அணைத்துவிட்டு யோசித்தான்:
சத்தமே இல்லை.
யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்.

செப்டம்பரில் நாயகன் வேறொரு படத்துக்குத் தாடி வளர்த்தார்.
ஒப்பந்தம் தாடியின் பக்கம்.
மீதியெல்லாம் மல்காஸ்.
முதுகு மல்காஸ், கைகள் மல்காஸ்,
தூரத்தில் ஓடுவது மல்காஸ்.
முகத்தைப் பிறகு வான்கூவரில் யாரோ ஒட்டுவார்கள்.
அதற்காக அவன் முகமெங்கும் கறுப்புப் புள்ளிகள்.
வீடியோ அழைப்பில் மகள் எண்ணினாள்: நாற்பத்தொன்று.
அப்பா, ஒன்று அழிந்திருக்கிறது என்றாள்.
அவள் சரி. நான் கவனிக்கவில்லை.

காட்சி நூற்றுப் பதினாலு.
லாரியிலிருந்து லாரிக்கு.
என் குறிப்பேட்டில் இன்னும் இருக்கிறது:
கூரை ஈரம். முந்தைய ஷாட்டில் காய்ந்திருந்தது.
பொருந்தாது என்று எழுதினேன்.
வழுக்கும் என்று எழுதுவது
என் வேலை இல்லை.

கணுக்கால் மூன்று இடத்தில்.
வந்து நின்ற ஆம்புலன்ஸ் நிஜமா, நம்முடையதா என்று
ஒரு நிமிடம் யாருக்கும் தெரியவில்லை.

ஆறு வாரம் கழித்து வந்தான்,
வலது காலை இழுத்தபடி.
காப்பீட்டுக்காரர் இருவர், தயாரிப்பாளர் ஒருவர்,
எழுத்தாளர்கள் நால்வர், ஐந்தாமவர் விமானத்தில்.
நடந்து காட்டச் சொன்னார்கள்.
இன்னொரு தரம்.
கொஞ்சம் மெதுவாக.

மறுநாள் புதுத் தாள், நான் அதுவரை காணாத நிறம்,
சால்மன் மீனின் நிறமாம்.
நாயகனுக்குப் பழைய போர்க்காயம்.
அண்ணனைத் தூக்கிவரப் போய்ப் பட்டது.
மழையில் வலிக்கும்.
மழையும் இப்போது கதையில் இருக்கிறது.
ஒட்டகங்களைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

நெருக்கக் காட்சிகளுக்காக இரண்டு நாள் வந்தார் தாடிக்காரர்,
மழித்துக்கொண்டு.
மல்காஸிடம் நொண்டக் கற்றுக்கொண்டார்.
அழகாகத்தான் செய்தார், அவனைவிட.
எந்தக் கால், என்று என்னிடம் கேட்டார்.
வலது, என்றேன்.
நூற்றுப் பதினாலிலிருந்து.

வெளியீடு மூன்றாவது முறை தள்ளிப்போயிருக்கிறது.
நேற்று ருஸ்தாவி சந்தையில் மல்காஸைப் பார்த்தேன்,
ஒரு கையில் தர்பூசணி.
படமெடுத்தது முடிந்து எட்டு மாதம்.
பழக்கதோஷம், நின்று பார்த்தேன்:
வலது கால்.
துளிப் பிசகில்லை.