நாலு அடி

ஹட்டனில், சலூனுக்கு மேல்மாடி.
மணிக்கு ஐந்நூறு வாடகை.
ட்ரம்ஸில் ஒன்று கிழிந்துபோக
மஸ்கெலியாத் திருவிழாவில் மிஞ்சிய தப்பைக்
கயிற்றால் கட்டி வைத்திருந்தோம்.
ட்ரம்பெட் பிரசன்ன,
கிரிக்கெட் மேட்சில் பப்பரே ஊதுகிறவன்.
பேஸ் ரிஸ்மி. பாடுகிறவள் தவமலர்.
எனக்குச் சுருதி கிடையாது. எழுதுவேன்.
சத்தம் கூடினால் கீழே இறங்கி
சலூன்காரரிடம் மன்னிப்புக் கேட்பதும் நான்தான்.

ஸ்கா என்றால் என்ன என்று பிரசன்ன விளக்கினான்:
எல்லாரும் அடிக்கிற இடத்தில் அடிக்காதே,
அது தாண்டின பிறகு அடி.
தவமலர் சொன்னாள்,
"கண்டக்டர் ரைட் சொன்ன பிறகு பஸ்ஸில் ஏறுற மாதிரி.
எங்களுக்கு அது பழக்கம்."

குழுவின் பெயர் கள்ளத்தோணி.
ரிஸ்மி கேட்டான், தோணியை யாராவது பார்த்திருக்கிறீர்களா?
கடலையே தவமலர் ஒரு தடவைதான்,
பள்ளிக்கூடச் சுற்றுலாவில், வாந்தியோடு.
அதை வைத்தே முதல் பாட்டு:
நாலாயிரம் அடி மலைமேல் தோணியைத் துடுப்புப் போட்டு ஏற்றியவர்கள் நாங்கள்,
தோணிக்கூலியையும் எங்கள் கடனில் எழுதிவைத்தீர்களே,
கள்ளனுக்கு ரசீது கொடுத்த ஊர் வேறு எங்கே இருக்கிறது?

இரண்டாவது பாட்டு துரையின் குரலில்.
கூரை ஒழுகினால் குளிக்கப் பீலிக்குப் போகவேண்டாம்,
அரைப்பேர் விழுந்தால் அரைச் சாப்பாடு, உடம்புக்கு நல்லது.
கம்பனியிலிருந்து ஒருவர் போன் பண்ணினார்.
நல்ல கருத்துள்ள பாட்டாம்,
க்ளப் ஆண்டு விழாவில் பாட முடியுமா?
போனோம். பதினையாயிரம்.
கடைசி வரிக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள்.
கேலி போய்ச் சேரவே இல்லை,
கேக் மட்டும் வந்து சேர்ந்தது.

மூன்றாவதுதான் தோட்டக்காட்டான்.
நகரசபை மண்டபம், மழை, கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.
பஸ்ஸில் அந்தச் சொல்லை வாங்கியவர்கள்,
ஆஸ்பத்திரி வரிசையில் வாங்கியவர்கள்,
காதலித்த வீட்டு வாசலில் வாங்கியவர்கள்,
இருநூறு பேர் ஒரே தொண்டையாகக் கத்தினார்கள்.
அன்று இரவு அது எங்களுடையது.
சத்தியமாக எங்களுடையது.

மறுவாரம் அக்கா போன் பண்ணினாள்.
வெள்ளவத்தைப் புடவைக்கடையில் ஆறு வருடம்,
ஊர் கேட்டால் கண்டி என்பாள்.
பில் போடுகிற பெடியனின் ரிங்டோனாம் எங்கள் பாட்டு.
நல்ல பீட் அக்கா, என்று சொல்லி
அவள் முகத்துக்கு நேரே பாடியும் காட்டினானாம்.
"நானும் சிரிச்சேன்டா.
மேடையில நீ அதைத் திருப்பி வாங்கிட்ட.
எனக்குத்தான் மிச்சக் காசு வரல."

சலூன் மாடியில் சொன்னேன்.
பிரசன்ன ட்ரம்பெட்டைத் துடைத்தான், ஏற்கனவே துடைத்ததை.
எடுத்துவிட்டால் பாட்டே இல்லை என்றேன்.
"உன் பாட்டு," என்றாள் தவமலர்,
"என் வாயில இருக்கு."
ரிஸ்மி ஒன்றும் சொல்லவில்லை.
அவனுக்கும் ஒரு சொல் இருக்கிறது,
அதை இன்னும் யாருக்கும் பாடத் தரவில்லை.

பண்டாரவளையில் அந்த இடம் வந்ததும்
தவமலர் வாயை மூடிக்கொண்டாள்.
தப்பு மட்டும். மூன்று அடி.
முன்வரிசைப் பையன்கள் வெற்றிடத்தை அவர்களாகவே நிரப்பினார்கள்,
நடுவில் நின்ற ஒருத்தி
கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.
வென்றோமா என்று தெரியவில்லை.
பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடினோம்.

அக்கா கேட்டாள், "இப்ப அந்த இடத்தில என்ன வருது?"
தப்பு, என்றேன்.
"எத்தனை அடி?"
மூன்று.
கடையில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.
வாறேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு,
குரலைத் தாழ்த்தாமல்,
"நாலு வரணும். எண்ணிப் பாரு," என்றாள்.

எண்ணிப் பார்த்தேன்.
தோட். டக். காட். டான்.