தொடர்பு எல்லைக்குள்

எலச்சிபாளையம், காலை ஆறேகால்.
செருப்பைக் கிணற்றுமேட்டில் கழற்றிவிட்டு
மோட்டார்க் கயிறு தளர்ந்திருக்கிறதா என்று
எட்டிப் பார்த்தேன்.
புடவைமேல் போட்டிருந்த அவருடைய பழைய சட்டை,
அதன் மேல்பையிலிருந்து நழுவியது போன்.

தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.
நாற்பதடியில் ஒரு பாறைத் திட்டு,
புறா எச்சத்துக்கு நடுவே
முகம் மேலாக, உடையாமல் கிடந்தது.
படிகள் எதிர்ப்பக்கம்.
கயிறு கட்டி இறங்கும் செங்கோடன்
காதுகுத்துக்குச் சேலம் போயிருக்கிறான், நாளைக்குத்தான் வருவான்.

"ஒரு நாள்தானே" என்றேன்
எருமையிடம்.

ஏழு மணிக்கு மும்முனைக் கரண்ட் வந்தது.
வந்ததும் மோட்டார்ப் பெட்டி
வழக்கம்போல் எனக்குப் போன் போட்டது.
பெட்டி மேட்டில், போன் குழியில்,
என்னை நடுவில் நிறுத்திவைத்துவிட்டு
இரண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன.
பதினாறு எட்டு நடந்து
பச்சைப் பொத்தானை விரலால் அமுக்கினேன்.
தண்ணீர் பாய்ந்தது.
பெட்டி மறுபடியும் அழைத்தது,
மோட்டார் ஓடுகிறது என்று எனக்குச் சொல்ல.

பால் எடுக்க வந்த அர்த்தனாரி
"எம் போன்ல பேசுங்கக்கா" என்று நீட்டினான்.
வாங்கிவிட்டேன்.
பத்தொன்பது வருஷக் குடித்தனம்.
அவருக்குச் சர்க்கரை எவ்வளவு, தெரியும்.
செருப்பு எட்டாம் நம்பர், தெரியும்.
போன் நம்பர் தெரியவில்லை.
தொண்ணூற்றெட்டில் தொடங்குமா, தொண்ணூற்று நான்கிலா?
அதற்குமேல் மனசில் வந்தது
ரிக் லாரி முன்னால் கைகட்டி நிற்கும் போட்டோதான்.
தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்று.
அதைப் போட்டேன்.
கிணற்றுக்குள் மணி அடித்தது.
அர்த்தனாரி சிரிக்கவில்லை,
அவனுக்கும் அவன் நம்பர்தான் தெரியுமாம்.

பதினொன்றே காலுக்குச் சேவல் கூவியது.
அவர் அழைப்புக்கு மட்டும் மகன் வைத்த சத்தம்.
சத்தீஸ்கரில் எங்கோ
ராடு மாற்றும் இடைவெளியில் கூப்பிடுவார்,
கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை,
சாப்ட்டியா, மாடு சாப்ட்டுச்சா.
குழிக்குள் கூவி ஓய்ந்தது, திரும்பவும் கூவியது.
யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு
குனிந்து கத்தினேன்:
"சாப்ட்டனுங்க, உப்புமா."
மா, என்றது கிணறு.

மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.
கை மட்டும் காலிப் பையைத்
தடவிக்கொண்டே இருந்ததாம்
(யாரும் பார்க்கவில்லை, நானே சொல்கிறேன்).
பிறகு களை எடுக்க மரவள்ளிக்குள் இறங்கினேன்.

மூன்று மணிக்கு வந்தார்கள்.
மேலத்தோட்டத்து நல்லாயி, மூச்சிரைக்க.
நாத்தனார் மகன், புல்லட்டில்.
தறியை நிறுத்திவிட்டு இரண்டு பேர்.
ராசிபுரத்திலிருந்து அண்ணன், பாதிச் சவரத்தோடு.
ஒன்பது தடவை எடுக்கவில்லை என்றதும்
அங்கிருந்தே ஊரைக் கிளப்பியிருக்கிறார்.
ஒருவரும் வீட்டுப் பக்கம் போகவில்லை.
நேராகக் கிணற்றுக்கு.
மேட்டில் என் செருப்பு, ஜோடியாக.

மரவள்ளிக்குள்ளிருந்து நான் எழுந்தபோது
ஐந்து பேரும் குனிந்து நின்றார்கள்.
"என்னங்" என்றேன்.
நல்லாயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.
யாரும் திட்டவில்லை.
அண்ணன் செருப்பை எடுத்துவந்து
என் காலருகே போட்டார்,
ஒன்றன்பின் ஒன்றாக.

ஐந்து போன்கள் நீண்டன.
ஒன்றில் அவர்.
பேசவில்லை. பின்னால் கம்ப்ரசர் மட்டும் இரைந்தது.
எவ்வளவு நேரம் என்று தெரியாது,
அதற்கப்புறம், "சாப்ட்டியா?"

எல்லோரும் போன பின்,
எட்டரை மணிக்கு, கிணறு ஒருமுறை வெளிச்சமானது.
திட்டில் சேவல் கூவியது.
நான் இருக்கிறேன் என்று தெரியும்,
எடுக்க ஆளில்லை என்றும் தெரியும்,
தெரிந்தும்தான் கூப்பிடுகிறார்.

இந்தத் தடவை குனியவில்லை.
திரை அணைகிறவரை
மேட்டில் நின்றேன்,
செருப்பைப் போட்டுக்கொண்டு.