கையிருப்பு: நாற்பது

ஒல்கியெர்த்தின் கடையில் பொத்தான் மட்டும்தான்.
வூட்ச் நகரத்து மில்கள் மூடியபோது
மற்றவர்கள் இயந்திரங்களை ஏலம் எடுத்தார்கள்,
இவர் பெட்டி பெட்டியாகப் பொத்தான் எடுத்தார்.

நான் கடை கட்டித் தருகிறவள்.
செங்கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை.
தேன்காரர், சோப்புக்காரி, சைக்கிள் மணி விற்பவன் என்று
பதினொரு கடைகள் என் மடிக்கணினிக்குள் திறந்திருக்கின்றன.
மாதம் இருநூறு ஸ்லோட்டி,
பழுது பார்ப்பது உட்பட.

"ஆயத்தக் கடையே கிடைக்கிறதே" என்றேன் முதல் நாள்,
"அரை மணியில் திறந்துவிடலாம்."
அவர் ஒரு தகர டப்பாவை மேசையில் கவிழ்த்தார்.
இரண்டு துளை. நான்கு துளை.
துளையே இல்லாமல் முதுகில் ஒரு காது.
மூன்று துளையோடு ஒன்று
உருண்டு போய் என் மடியில் விழுந்தது.
"இதை எந்த வரிசையில் வைப்பாய்?"

சரி, அளவெடுத்தேன்.
ஒன்பது வாரம்.
நீலம் மட்டும் அறுபத்திரண்டு,
ஒவ்வொரு திரையிலும் வேறு நீலம்.
குறைந்தபட்சக் கொள்முதல்: ஒன்று.
"தபால் செலவு பொத்தானைப் போல் இருபது மடங்கு."
"தொலைந்தது ஒன்றுதானே" என்றார்.

பிறகு அந்த நிபந்தனை:
கடை ஆறு மணிக்குப் பூட்ட வேண்டும்.
இணையத்துக்கு இரவு கிடையாது என்று வாதாடினேன்.
எனக்கு உண்டு, என்றார்.
எழுதினேன்.
ஆறு அடித்ததும் 'வாங்கு' என்கிற பொத்தான் சாம்பலாகும்,
எத்தனை அழுத்தினாலும் அசையாது,
யாரோ இறுக்கித் தைத்துவிட்டது போல.

பிப்ரவரி. திங்கள் இரவு பதினொன்றே முக்கால்.
பக்கத்தின் அடிவிளிம்பில் என் எண் இருப்பதை
ஒபோலே ஊர்ப் பொம்மலாட்டக்காரி கண்டுபிடித்துவிட்டாள்.
வியாழன் அரங்கேற்றம்.
இருபது ஆந்தைகள், கண் இல்லை.
அம்பர் நிறம், பதினெட்டு மில்லிமீட்டர்.
"சரியாக நாற்பது இருப்பதாகக் காட்டுகிறது,
வாங்கத்தான் விடமாட்டேன் என்கிறது."

சாவி என்னிடம் இருந்தது.
பிறர் கடையை நடுராத்திரியில் திறப்பது
திருட்டா, பராமரிப்பா என்று
ஒப்பந்தத்தில் எழுதவில்லை.
திறந்தேன். வாங்கினாள். பூட்டினேன்.
நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காலை ஏழுக்கு ஒல்கியெர்த்:
"முப்பத்தொன்பதுதான் இருக்கிறது.
உன் கடை பொய் சொல்கிறது."
இரவில் திறந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை,
அதுதான் உறுத்தியது.

பதிவுகளைத் துருவினேன்.
கூட்டல் சரி. கழித்தல் சரி.
திரும்பி வந்தவை, விரிசல் விட்டவை, எல்லாம் சரி.
எங்கோ ஓர் ஆந்தை
ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

பால் வாங்கக் கிளம்பி மேலங்கியை மாட்டும்போது
விரலில் தட்டியது.
மேலிருந்து மூன்றாவது.
மற்றவை கறுப்பு, இது அம்பர்.

டிசம்பரில், வரிக் கணக்கு பேசிக்கொண்டிருக்கையில்
பேச்சை நிறுத்தாமலே
அவர் ஊசி கோத்துத் தைத்துவிட்டது.
நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்,
பதினேழா இருபத்துமூன்றா என்று அப்போதும்
சதவீதம்தான் கேட்டார்.

விற்றதற்குக் கட்டம் வைத்திருந்தேன்,
திரும்பியதற்கு வைத்திருந்தேன்,
சும்மா கொடுத்ததற்கு வைக்கவில்லை.

கத்தரிக்கோல் தேடினேன்.
டிராமில் ஒரு கை கம்பியில்,
மறு கை நெஞ்சருகே அங்கியை இழுத்துப் பிடித்தபடி.
ஆனாலும் பனிக்காற்று
அந்த ஒரே ஒரு வாசலைச் சரியாகக் கண்டுபிடித்தது.

அவர் வாங்கினார், எண்ணினார்,
உறையை நாக்கால் ஒட்டினார்.
அப்புறம்தான் என் அங்கியைப் பார்த்தார்.
கை இழுப்பறைப் பக்கம் போனது.

"பொறுங்கள்" என்றேன்,
மடிக்கணினியைத் திறந்து,
"எந்த எண் என்று
முதலில் சொல்லுங்கள்."